தின்பண்டம் இல்லாத எட்டு வாரங்கள்

எங்கள் வீட்டில் நாய் செம்பிக்கு ஒருநாள்கூடக் கையால் எதையும் எடுத்துக் கொடுக்காதவர் என் அம்மா ஒருவர்தான். எழுபத்து மூன்று வயதாகும் அவருக்கு நாயின் எச்சில் பட்டால் உடனே கை கழுவியாக வேண்டும். விளக்கேற்றும் நேரத்தில் அவள் சாமி அலமாரிப் பக்கம் வந்துவிடக் கூடாது. ஆனாலும் மாலை நான்கு மணிக்கு அம்மா வாசலின் உட்புறம், இரும்புக் கிராதிக்கு அருகில் முக்காலியைப் போட்டு அமர்ந்து, கீழே சமூகத் தோட்டத்தில் ஒடித்து வந்த முருங்கைக் கொத்தை மடியில் வைத்து உருவத் தொடங்கினால், வீட்டின் எந்த மூலையில் உறங்கிக்கொண்டிருந்தாலும் செம்பி எழுந்து வந்து அவருக்கு ஒரு முழ தூரத்தில் படுத்துக்கொள்வாள். காம்பு முறியும் ஓசைக்கு ஒரு காது மட்டும் அசையும். கால் மணி நேரம் கழிந்ததும் மெல்ல நகர்ந்து வந்து, அம்மாவின் பாதத்தின் மேல் மோவாயை வைத்துக் கண்ணை மூடிவிடுவாள். சட்டைப்பை நிறைய உலர்ந்த கோழித் துண்டுகளை வைத்துக்கொண்டு அதே கூடத்தில்தான் நானும் அமர்ந்திருப்பேன். பை சலசலத்தாலொழிய என் பக்கம் திரும்ப மாட்டாள்.

இந்தக் காட்சியை நான் ஓராண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதன் பொருள் எனக்கு விளங்குவதற்கு அவளுக்குத் தோல் நோய் வர வேண்டியிருந்தது.

செம்பி, சிங்கப்பூரில் நாம் ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று அழைக்கும் உள்ளூர்க் கலப்பின நாய். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட சிற்றின நாய்களின் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை. 2012ல் தொடங்கிய ‘அடோர்’ திட்டத்தின் வழியாகத்தான் அடுக்குமாடி வீடுகளுக்குள் இவை வர முடிந்தது. தோள் உயரம் 55 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, கருத்தடை செய்திருக்க வேண்டும், கீழ்ப்படிதல் பயிற்சிக்குக் கட்டாயம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பவை நிபந்தனைகள். காப்பகத்திலிருந்து எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஏறத்தாழ இரண்டு வயது. குட்டிப் பருவத்தை ஒரு தொழிற்பேட்டையின் பின்புறத்தில் கழித்தவள். மனிதர் கையை உயர்த்தினாலே தரையோடு தரையாகப் பதுங்குவாள். செம்பு நிறம் என்பதால் அம்மா வைத்த பெயர் அது.

பயிற்சி வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது தவறான பாடமல்ல. நாய் செய்ய வேண்டியதைச் செய்த அந்த நொடியில் சிறு துண்டு உணவு கொடுத்தால், எதற்காகக் கிடைத்தது என்று அது விளங்கிக்கொள்ளும். செம்பியும் நான்கே வகுப்புகளில் உட்கார, படுக்க, காத்திருக்கக் கற்றுக்கொண்டாள். தவறு நான் செய்ததுதான். கற்பிப்பதற்கென்று கொடுத்த கருவியைப் பழகுவதற்கும் பயன்படுத்தினேன். அருகில் வந்தால் ஒரு துண்டு; தொட விட்டால் ஒரு துண்டு; நான் வேலை முடிந்து வீடு திரும்பினால் ஒரு துண்டு. சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் சுழற்சி முறையில் வேலை பார்ப்பவன் நான். வீட்டில் இருக்கும் நேரம் குறைவு என்ற குற்ற உணர்வையும் சேர்த்துத்தான் அந்தத் துண்டுகளில் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாளடைவில் அவள் என் கையைக் கூர்ந்து கவனிக்கக் கற்றாள். என் முகத்தைப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

அவள் வந்த மூன்றாம் மாதத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீடு பிடோக் நீர்த்தேக்கத்துக்கு அருகில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. மின்தூக்கி என்றால் செம்பிக்கு நடுக்கம். ஒரு காலையில் நான் மின்தூக்கிக்குள் நின்றுகொண்டு கோழித் துண்டை நீட்டினேன். பின்னங்கால்களை வெளியிலேயே ஊன்றி, உடலை ரப்பர்போல நீட்டி, உதட்டு நுனியால் துண்டைப் பறித்துக்கொண்டு பின்வாங்கினாள். அடுத்த துண்டைச் சற்று உள்ளே பிடித்தேன். அதற்கடுத்ததை இன்னும் உள்ளே. நான்காவது துண்டை மென்று விழுங்கித் தலையை நிமிர்த்தியபோதுதான், தன் நான்கு கால்களும் அந்த இரும்புப் பெட்டிக்குள் இருப்பதை அவள் கண்டாள். கதவு மூடத் தொடங்கியது. தலையைக் குனிந்து ஒரே உதறலில் கழுத்துப் பட்டையிலிருந்து நழுவி, கதவிடுக்கில் பாய்ந்து, படிக்கட்டில் இறங்கி ஓடிவிட்டாள்.

மூன்றாவது மாடியின் படித்திருப்பத்தில், யாரோ பூட்டி வைத்திருந்த மிதிவண்டிக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். மூச்சு வாங்க நின்று, எப்போதும் அவளை ஓடிவரச் செய்யும் அந்தப் பையைச் சலசலக்கவிட்டேன். அந்த ஓசைக்கு அவள் சுவரோடு மேலும் ஒட்டிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு படி கீழே, அவளுக்கு முதுகைக் காட்டி அமர்ந்துவிட்டேன். ஏறத்தாழ இருபது நிமிடம் போயிருக்கும். முழங்கையில் ஈரமான மூக்கு ஒன்று பட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏறினேன். அன்றிலிருந்து நாள்தோறும் மூன்று வேளை ஒன்பது மாடியையும் படிக்கட்டிலேயே ஏறி இறங்கினோம்.

அஞ்சும் நாயை உணவு காட்டி ஈர்ப்பதில் உள்ள சிக்கலை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். பசியும் ஆசையும் நாயை அதன் அச்சம் அனுமதிக்கும் எல்லைக்கு அப்பால் இழுத்துச் சென்றுவிடும். உணவு தீர்ந்த நொடியில் தான் எங்கே நிற்கிறோம் என்பது அதற்கு உறைக்கும். அதன்பின் அச்சமூட்டிய பொருளோடு சேர்த்து அந்த உணவும், அதை நீட்டிய கையும் ஐயத்துக்குரியவை ஆகிவிடும். இதோடு இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: அஞ்சும் நாய்களுக்குச் சாதாரணக் கழுத்துப் பட்டையை மட்டும் நம்பக் கூடாது. மார்பையும் தோளையும் சுற்றிவரும், பின்வாங்கினாலும் நழுவாத வார்ப்பட்டை வேண்டும். செம்பி படிக்கட்டுப் பக்கம் ஓடாமல் சாலைப் பக்கம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் எனக்கு மனம் வராது.

தோல் நோய் அடுத்த ஆண்டு வந்தது. பாதத்தை ஓயாமல் நக்கினாள். வயிறு சிவந்து, காதுக்குள் புண் வந்து, இரவெல்லாம் சொறியும் ஓசை கேட்டது. உணவு ஒவ்வாமையாக இருக்கலாம் என்று கருதிய கால்நடை மருத்துவர், அதைக் கண்டறிய நம்பகமான வழி ஒன்றுதான் என்றார். உடல் ஒவ்வாத பொருளாக அடையாளம் காண முடியாத அளவுக்குப் புரதம் சிறு துணுக்குகளாக உடைக்கப்பட்ட தனி உணவை மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். அதற்கிடையில் ஒரு பிஸ்கட் துணுக்கோ, சுவையூட்டிய மாத்திரையோகூட உள்ளே போகக் கூடாது. போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாதந்தோறும் கொடுக்கும் இதயப்புழுத் தடுப்பு மாத்திரையைக்கூட மாட்டிறைச்சிச் சுவை இல்லாத வேறொன்றாக மாற்றித் தந்தார். இதயப்புழு கொசுவால் பரவுவது என்பதால் நம் ஊரில் அதை நிறுத்தவும் முடியாது.

வீடு திரும்பி அலமாரியிலிருந்த பைகளையெல்லாம் கட்டி, பக்கத்துப் புளோக்கில் நாய் வளர்க்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது செம்பி ஓடிவந்து என் சட்டைப்பையை முகர்ந்தாள், கையை முகர்ந்தாள், ஒரு நொடி காத்திருந்தாள், பிறகு திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஓராண்டுக்கு மேல் பழகியும் எனக்கும் அவளுக்கும் இடையே வேறு ஏதும் இல்லையோ என்று அன்று உண்மையாகவே வருந்தினேன். அம்மாவிடம் சொன்னேன். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அது பாட்டுக்குப் படுத்திருக்கு, நான் பாட்டுக்குக் கீரை உருவுறேன். இதுக்கு எதுக்குப்பா தீனி?” என்றார்.

அதன்பிறகுதான் அம்மா செய்வதை நான் ஊன்றிப் பார்க்கத் தொடங்கினேன். அவர் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே வேலையைச் செய்தார். செம்பியைக் கூப்பிடவில்லை. அவள் வந்தபோது குனிந்து கொஞ்சவில்லை, எழுந்து போனபோது “ஏன் போறே?” என்று கேட்கவில்லை. பக்கவாட்டில் அமர்ந்திருந்ததால் அவளை நேருக்கு நேர் உற்றுப் பார்க்கவும் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது அந்த நாய்க்கு முழுமையாகத் தெரிந்த ஒரே இடம் அந்த முக்காலியின் அருகாமைதான். நானோ, வேலை நேரம் மாறுவதற்கேற்ப ஒரு நாள் காலையிலும் ஒரு நாள் நள்ளிரவிலும் வந்து, வந்த வேகத்தில் கொஞ்சி, தூக்கம் வந்ததும் கதவைச் சாத்திக்கொள்பவனாக இருந்தேன். படித்திருப்பத்தில் அவளுக்கு முதுகைக் காட்டி அமர்ந்த அந்த இருபது நிமிடத்தில் மட்டும், எனக்கே தெரியாமல், அம்மா செய்வதை நான் செய்திருக்கிறேன்.

என் வேலை நேரத்தை மாற்ற முடியாது. ஆனால் வந்தபிறகு செய்வதை மாற்ற முடியும் என்று தோன்றியது. எந்த நேரத்தில் வந்தாலும் காலணியைக் கழற்றி, முகம் கழுவி, கூடத்துத் தரையில் சுவரில் சாய்ந்து பத்து நிமிடம் அமர்வேன் என்று வைத்துக்கொண்டேன். கைப்பேசி கூடாது, அவளைக் கூப்பிடக் கூடாது. முதல் நான்கு நாளும் அவள் தன் இடத்தில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் எதிர்ச்சுவர் ஓரத்தில் வந்து படுத்தாள். இரண்டாம் வாரத்தில் என் காலுக்கருகே. நேரம் நாளுக்கு நாள் மாறினாலும் நிகழ்வுகளின் வரிசை மாறாமல் இருந்தால் நாய்க்கு அது போதுமானதாக இருக்கிறது என்பதைச் சுழற்சி வேலை பார்க்கும் எல்லாருக்கும் நான் நம்பிக்கையோடு சொல்வேன்.

தொடுவதில் நான் கற்றது இன்னும் முக்கியமானது. அன்பு மேலிட்டால் நாம் நாயின் தலையைத் தட்டுகிறோம், குனிந்து கட்டிக்கொள்கிறோம். பெரும்பாலான நாய்களுக்கு இவ்விரண்டும் பிடிப்பதில்லை. மேலிருந்து இறங்கும் கையும், விலக முடியாதபடி சுற்றிக்கொள்ளும் தோளும் அவற்றுக்கு நெருக்கடிதான். கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, நாம் விட்டதும் நனைந்த நாய்போல உடம்பை உதறுவது ஆகியவை “போதும்” என்று நாய் பணிவாகச் சொல்லும் விதங்கள். செம்பி இவை அனைத்தையும் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். கையில் இருந்த தின்பண்டத்துக்காகப் பொறுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் செய்வது இதுதான்: அவளாக அருகில் வந்தால் மார்பிலோ தோள்பட்டையிலோ மூன்று நொடி வருடுவேன், பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன். மேலும் சாய்ந்தாலோ, மூக்கால் கையை முட்டினாலோ தொடர்வேன். அசையாமல் நின்றாலும், பார்வையைத் திருப்பினாலும் அத்தோடு நிறுத்திவிடுவேன். முதல் சில நாள்கள் கையை எடுத்ததும் நகர்ந்துவிட்டாள். தன் மறுப்பை நான் மதிக்கிறேன் என்று அவளுக்கு உறுதிப்பட்ட பிறகு, அதிகம் கேட்டவள் அவள்தான். என் மகளுக்கும் இதையே சொல்லிக் கொடுத்தேன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அவள் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். சிறுவர்கள் உள்ள வீட்டில் நாய் கடிக்காமலிருக்க இதைவிடப் பயனுள்ள பாடம் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தொடுதல் நாள்தோறும் செய்ய வேண்டிய ஒரு வேலையோடு சேர்ந்துகொண்டது. புல்தரையில் உலவி வந்தால் உண்ணி ஏறியிருக்கும். கால் விரல் இடுக்கு, காது மடல், கழுத்து, வாலின் அடி என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முன்பு ஒருவர் தின்பண்டம் காட்ட, மற்றவர் அவசரமாகப் பார்த்து முடிப்போம். இப்போது கூடத்துப் பாயில் அமர்ந்து “கால்” என்பேன். பாதத்தை மெல்லத் தொடுவேன். இழுத்துக்கொண்டால் விட்டுவிட்டு ஒரு நிமிடம் கழித்து மீண்டும் கேட்பேன். முதல் நாள் ஒரு பாதத்தோடு நிறுத்தினோம். ஆறாம் வாரத்தில் அவள் பக்கவாட்டில் சரிந்து படுத்து, பின்னங்காலைத் தானே தூக்கிக் கொடுத்தாள். அந்தப் பாதத்தின் அடியிலுள்ள சதைப் பொதிகளுக்கு நடுவே, முன்பு புண்ணாக இருந்த இடத்தில், மெல்லிய புது மயிர் முளைத்திருந்ததை அன்றுதான் கண்டேன்.

மின்தூக்கி விவகாரத்துக்கு மீண்டும் வருகிறேன். தின்பண்டம் இல்லாமல் இதை எப்படிக் கற்பிப்பது என்று யோசித்தபோது, அஞ்சும் நாய்க்கு அந்த இடத்தில் உண்மையில் வேண்டியது எது என்ற கேள்வி எழுந்தது. அவளுக்கு வேண்டியது தூரம். எனவே தூரத்தையே பரிசாகக் கொடுத்தேன். மாலையில் கூட்டம் குறைந்த நேரத்தில் மின்தூக்கியிலிருந்து பத்தடி தள்ளித் தாழ்வாரத்தில் இருவரும் அமர்வோம். கதவு திறக்கும், மூடும். அவள் அதை அமைதியாகப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தால் “சரி, போலாம்” என்று சொல்லி உடனே வீட்டுப் பக்கம் நடப்பேன். பார்த்தால் போதும், விலகிவிடலாம் என்று தெரிந்ததும் அவளுக்குப் பார்க்கும் துணிவு வந்தது. பத்தடி ஆறடியாகி, பிறகு மூன்றடியாயிற்று. நான் இழுத்து நெருங்கியதில்லை, எங்கே அமர்வது என்பதை அவளே ஒவ்வொரு நாளும் தீர்மானித்தாள்.

இந்த அமர்வுகளில் எதிர்வீட்டு மக்சிக்கும் (மூத்த மலாய்ப் பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்போம்) தம்மை அறியாமல் உதவினார். அவர் நாயைத் தொட மாட்டார். நாயின் எச்சில் பட்டால் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டும். ஆகவே அவர் வரும்போதெல்லாம் செம்பியைச் சுவரோரமாக, வாரைக் குறுக்கிப் பிடித்து, “இரு” என்று சொல்லி, அவர் மின்தூக்கியில் ஏறிப் போகும்வரை காத்திருப்பேன். அண்டை வீட்டாருக்குக் காட்ட வேண்டிய மரியாதைதான் அது. ஆனால் மின்தூக்கி ஒருவரை விழுங்குவதையும், அரை மணியில் அவரைக் காய்கறிப் பையோடு பத்திரமாகத் திருப்பித் தருவதையும் செம்பி நாள்தோறும் பார்த்தாள். மக்சிக் தூர நின்றே “ஹலோ செம்பி” என்பார். அந்தக் குரலுக்கு அவள் வால் அசையத் தொடங்கியது எந்த வாரம் என்று எனக்கு நினைவில்லை.

நான்காம் வாரத்தில் ஒரு மாலை, என் மனைவி உள்ளே நின்று கதவு மூடாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க, நான் வாசலில் நின்றேன். செம்பி முன்னங்கால்கள் இரண்டையும் உள்ளே வைத்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் வெளியே நகர்ந்தேன், அவளும் வந்தாள். மறுநாள் நான்கு கால்களும் உள்ளே, உடனே வெளியே. கதவை மூடி ஒரே ஒரு மாடி இறங்கியது ஆறாம் வாரத்தில். அந்த மாடியில் இறங்கிப் படியேறி வீட்டுக்கு வந்தோம். ஏழாம் வாரத்தில் தரைத்தளம் வரை போனோம். கதவு திறந்ததும், கீழ்த்தளத்தைத் தாண்டி, நேராக அவளுக்கு மிகப் பிடித்த புல்மேட்டுக்கு விட்டேன். அங்கே அவள் விரும்பும்வரை முகரலாம். “கீரையைச் சாப்பிட்டால்தான் விளையாடப் போகலாம்” என்று அம்மாக்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. நாய் தானாக விரும்பிச் செய்யும் செயலே, அது தயங்கிச் செய்யும் செயலுக்குப் பரிசாக அமைய முடியும் என்பதை டேவிட் பிரிமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆய்வுகள் மூலம் நிறுவியதால், பயிற்சியாளர்கள் இதை அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். தின்பண்டத்துக்கு மாற்றுத் தேடுவோர் முதலில் தங்கள் நாயின் விருப்பங்களை எழுதிப் பார்ப்பது நல்லது. செம்பிக்கு அவை முகர்வது, புல்லில் முதுகைத் தேய்ப்பது, மைனாக்களைத் தூர நின்று பார்ப்பது, கைலி இழுப்பது.

கைலி இழுப்பது தற்செயலாகத் தொடங்கியது. கிழிந்த கைலி ஒன்றை முறுக்கி மூன்று முடிச்சுப் போட்டுத் தரையில் பாம்புபோல ஓடவிட்டேன். முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி, விளையாட்டுக்கு அழைக்கும் அந்த வணக்கத்தை அவள் என்னிடம் செய்தது அதுவே முதல் முறை. இழுத்து விளையாடினால் நாய் முரடாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பல் கையில் பட்டால் ஆட்டம் நிற்கும், “விடு” என்றால் விட வேண்டும், விட்ட உடனே மீண்டும் ஆட்டம் தொடரும் என்ற ஒழுங்கு இருந்தால் அதில் கேடில்லை. பாதி நேரம் அவளை வெல்லவிடுகிறேன். வென்ற துணியைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் என் மடியிலேயே கொண்டுவந்து போடுகிறாள்.

உலாவும் மாறியது. முன்பு எனக்கு அது உடற்பயிற்சி. நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள நான்கு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையை ஒரு சுற்று வந்துவிட வேண்டும் என்று விறுவிறுவென நடப்பேன். இப்போது காலை உலா அவளுடையது. சூரியன் ஏறிச் சிமெண்டுப் பாதை சுடத் தொடங்குமுன் கிளம்புகிறோம். புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. பொது இடத்தில் வாரை அவிழ்க்கக் கூடாது என்பது சட்டம் என்பதால், சற்று நீளமான வாரை வாங்கிக்கொண்டேன். எந்தப் பக்கம் திரும்புவது, எந்தத் தூணடியில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் அவள் முடிவு. அரை மணி நேரத்தில் இருநூறு மீட்டர்கூடத் தாண்டாத நாள்கள் உண்டு. ஆனால் அவ்வாறு முகர்ந்து திரும்பும் நாள்களில் அவள் வீட்டில் அமைதியாக உறங்குகிறாள். வேகமாக இழுத்துச் சென்ற நாள்களில் தாழ்வாரத்தில் செருப்போசை கேட்டாலே குரைத்தாள். நடுவே தலையைத் தூக்கி, நான் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு ஒவ்வொரு முறையும் “நல்ல பிள்ளை” என்று தாழ்ந்த குரலில் பதில் சொல்கிறேன்.

குரலுக்கு அவ்வளவு மதிப்பு உண்டா என்று கேட்கலாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர், மூளையைப் படம்பிடிக்கும் காந்த அதிர்வு வருடிக்குள் (எம்ஆர்ஐ) விழிப்போடு அசையாமல் படுக்கப் பழக்கிய 15 நாய்களைக் கொண்டு 2016ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவற்றுள் 13 நாய்களின் மூளையில், பரிசை எதிர்நோக்கும்போது தூண்டப்படும் பகுதி, உணவுக்கு நிகராகவோ அதைவிடக் கூடுதலாகவோ வளர்ப்பவரின் பாராட்டுக்கும் தூண்டப்பட்டது. அதை வைத்து உணவே தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக ஒன்றைக் கற்பிக்க உணவுதான் பெரும்பாலும் விரைவான வழி. ஆனால் நம் குரல் ஏற்கெனவே ஏதோ ஒரு நல்ல பொருளைத் தாங்கியிருந்தால்தான் பாராட்டு பாராட்டாகும். எங்கள் வீட்டில் அந்தப் பொருளைச் சேர்க்கச் சில வாரங்கள் பிடித்தன. அதே போல, ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ல், நாயும் வளர்ப்பவரும் கனிவோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடலிலும் பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் கூடுவதைக் கண்டறிந்தார்கள். இதைப் படித்துவிட்டு அஞ்சும் நாயின் கண்ணை உற்றுப் பார்க்கத் தொடங்க வேண்டாம். பழகாத நாய்க்கு அது மிரட்டல். அந்தப் பார்வை அதனிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு விடியற்காலை, சுமத்ராவிலிருந்து வீசும் காற்றோடு இடிமழை பிடித்துக்கொண்டது. இடிக்கு நடுங்கும் நாயைத் தேற்றினால் அச்சம் கூடிவிடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் முன்பெல்லாம் கண்டுகொள்ளாமல் இருப்பேன். அச்சம் ஓர் உணர்ச்சி. தேற்றுவதால் அது பரிசு பெற்ற செயலைப்போல வளராது என்பதை அதற்குள் அறிந்திருந்தேன். குளியலறைத் தரையில் செம்பிக்கு அருகில் அமர்ந்தேன். அவள் முழு உடம்பையும் என் தொடையில் சாய்த்தாள். நடுக்கம் என் எலும்பு வரை வந்தது. நீளமாக, மெதுவாக மார்பை வருடிக்கொண்டிருந்தேன். மழை அடங்கியபோது வேலைக்குக் கிளம்பும் நேரம் தாண்டியிருந்தது. கால் மணி நேரம் தாமதமாகப் போய், மேற்பார்வையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் வீட்டிலும் நாய் இருந்ததாம்.

எட்டு வாரம் முடிந்ததும் மருத்துவர் சொன்னபடி வேகவைத்த கோழியை மட்டும் சேர்த்துப் பார்த்தோம். நான்காம் நாளே பாதத்தை நக்கத் தொடங்கிவிட்டாள். ஓராண்டாக நான் அன்பென்று நினைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பொருளே அவள் தோலைப் புண்ணாக்கியிருக்கிறது. அதை அறிந்த இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் தின்பண்டம் மீண்டும் உண்டு. வேகவைத்த மீன் அவளுக்கு ஒத்துக்கொள்கிறது. புதிய பாடம் ஏதாவது கற்பிக்கும்போது அதைச் சிறு துண்டுகளாக டப்பாவில் வைத்துக்கொள்கிறேன். சென்ற மாதம் நகம் வெட்ட மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோதும் கொண்டுபோனேன். மேசை மேல் ஏற்றியதும் ஒரு துண்டை நீட்டினேன். முகர்ந்து பார்த்தாள், தின்னவில்லை. அஞ்சும்போது நாய்களுக்குப் பசி அடங்கிவிடும் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை. “கால்” என்றேன். முகத்தை என் அக்குளுக்குள் புதைத்துக்கொண்டு, வலது பாதத்தைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். நான்கு பாதத்துக்கும் ஆறு நிமிடம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை இழுத்துக்கொண்டாள், செவிலியர் பொறுமையாகக் காத்திருந்தார். வெளியே வந்து வாகன நிறுத்துமிடத்தில் ஒருமுறை உடம்பை நன்றாக உதறிவிட்டு, என் கையிலிருந்த மீன் துண்டைத் தின்றாள். வீடு திரும்பியபோது மணி நான்கேகால். அம்மா முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.